டிஸ்க் போடும் வாசலை அடைக்காதீர்கள்: வீடியோ கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுடைய கன்சோல்களுக்கு, அதாவது கேம் ஆடும் இயந்திரங்களுக்கு, கேம் வெளியிடும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

காசு கொடுத்து வாங்கிய கேமை ஆடி முடித்தபின் இன்னொருவருக்கு விற்கலாமா, கூடாதா? கால் நூற்றாண்டுக்கும் மேலாக நீங்கள் இந்தக் கேள்வியை எழுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் கேட்டீர்கள்; விற்கலாம் என்று பதில் வந்தது. சந்தையில் கேட்டுப் பார்த்தீர்கள்; அங்கேயும் அதே பதில்தான். இப்போது யாரையும் கேட்காமல், டிஸ்க் போடும் வாசலே இல்லாத கன்சோலைச் செய்து கடையில் வைத்துவிட்டீர்கள். சென்னையில் பெரும்பாலும் பழைய டிஸ்க்குகளையே வாங்கி ஆடி வளர்ந்தவன் நான். இதைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது.

ஜப்பானிலிருந்து தொடங்குகிறேன். இந்த வழக்கு அடிமுதல் நுனிவரை நடந்து முடிந்தது அங்கேதான். 1990களின் இறுதியில் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் பழைய கேம் கடைகள் இருந்தன. அவற்றை ஒடுக்க, கேம் பெட்டிகளின் மேல் மறுவிற்பனை கூடாது என்று முத்திரை அச்சிட ஆரம்பித்தீர்கள். டோக்கியோவில் எனிக்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு கடைக்காரருக்கும் வழக்கு. ஒசாகாவில் கேப்காம், கொனாமி, நாம்கோ, செகா, ஸ்கொயர், சோனி எல்லாம் ஒரு பக்கம், பழைய கேம் விற்கும் கடைகள் மறுபக்கம்.

உங்கள் வாதம் கெட்டிக்காரத்தனமானது. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்துக்கு மட்டும் தனியாக ஒரு விநியோக உரிமை தருகிறது. படச்சுருள் எந்தத் தியேட்டருக்குப் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்பதெல்லாம் தயாரிப்பாளர் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த உரிமை அது. கேமும் திரையில் ஓடும் படைப்புதானே, ஆகவே அதன் ஒவ்வொரு பிரதியும் யார் கைக்குப் போகிறது என்று நாங்கள்தான் தீர்மானிப்போம் என்றீர்கள். 1999 மே மாதம் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது. அதே வருடம் அக்டோபரில் ஒசாகா உங்கள் பக்கம் சாய்ந்தது. 2001 மார்ச்சில் இரண்டு உயர் நீதிமன்றங்களும் கடைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 2002 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் விஷயத்தை முடித்துவைத்தது: கேம் திரைப்படத்தைப் போன்ற படைப்புதான், அதற்கு விநியோக உரிமை இருப்பதும் உண்மைதான், ஆனால் பொதுமக்களுக்கு ஒருமுறை முறைப்படி விற்ற கணத்திலேயே அந்தப் பிரதி மீதான உரிமை தீர்ந்துபோகிறது.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்ததே அதுதான். உங்கள் படைப்பை அது சிறுமைப்படுத்தவில்லை. கேம் ஒரு கலை என்று ஒப்புக்கொண்டு, அதற்கான மரியாதையைக் கொடுத்து, அதன்பிறகு வாங்கியவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்றது. முந்தைய வருடம், 2001 ஆகஸ்டில், ஜப்பானின் நியாய வணிக ஆணையமும் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவைக் கண்டித்திருந்தது. கடைக்காரர்கள் பழைய கேம் விற்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது அந்தக் கண்டனத்தில் ஒரு பகுதி.

இது ஜப்பானியர்கள் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமும் இல்லை. 1908-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இதைப் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு பதிப்பகம் தன் நாவலில் ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று அச்சிட்டிருந்தது. மேசீஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. விற்ற பொருளின் அடுத்த விலையில் பதிப்பாளர் கைவைக்க முடியாது என்றது நீதிமன்றம். இந்தியாவில் கதை வேறு மாதிரி போனது. 1994-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், ஒரு கணினி நிரலின் பிரதி ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தாலும்கூட அதை மறுபடி விற்கும் உரிமை படைத்தவருக்கே என்று எழுதிவைத்தது. எழுத்துப்படி பார்த்தால், அப்போது பழைய கேம் கேசட்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு விற்றவர்கள் எல்லாம் சட்டத்தின் தவறான பக்கத்தில் நின்றார்கள். 1999-இல் வந்த திருத்தம் அந்தச் சொற்களை நீக்கியது. எங்கள் நாடாளுமன்றமே வேண்டாம் என்று எடுத்துப்போட்ட தடையை, நீங்கள் இயந்திரத்தின் வழியாகத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள் என்பது எனக்கு உறுத்துகிறது.

சட்டத்தில் முடியாததைச் சந்தையில் செய்து பார்த்த காலம் 2010 முதல் 2013 வரை. கேம் வெளியிடும் இஏ நிறுவனம் ஆன்லைன் பாஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. புது டிஸ்க்கோடு ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ரகசியக் குறியீடு ஒன்று வரும். பழைய டிஸ்க் வாங்கியவர் ஆன்லைனில் ஆட வேண்டுமென்றால் பத்து டாலர் கட்ட வேண்டும். சோனியும் யுபிசாஃப்டும் தங்கள் பங்குக்கு இதேபோல் ஒன்றைக் கொண்டுவந்தன. 2011-இல் வந்த பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி கேமில் கேட்வுமன் என்ற பாத்திரம் வரும் பகுதிகளையே இப்படி ஒரு குறியீட்டுக்குள் பூட்டி வைத்தார்கள். ஆன்லைன் சர்வருக்குச் செலவாகிறது என்று சொல்லவும் அங்கே வழியில்லை. தனியாக ஆடும் கதைப்பகுதி அது. 2013 மே மாதத்தில் இஏ-வே அந்த முறையைக் கைவிட்டது.

அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் இன்னும் பெரிய அடி எடுத்து வைத்தது. அதன் புது கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும். டிஸ்க்கை மறுவிற்பனைக்குக் கொடுக்கலாமா என்பதை வெளியீட்டாளர் முடிவு செய்வார். நண்பனுக்குச் சும்மா கொடுக்க வேண்டுமென்றால், அவன் உங்கள் நண்பர்கள் பட்டியலில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு கேமை ஒரே ஒரு முறைதான் கொடுக்க முடியும். ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் மேடையில், பிளேஸ்டேஷன் 4-இல் பழைய கேம்களுக்குத் தடையே இல்லை என்று சோனியின் ஜாக் டிரெட்டன் அறிவித்தபோது அரங்கம் எழுப்பிய ஆரவாரம் இன்றும் இணையத்தில் இருக்கிறது. கேமை நண்பனோடு பகிர்வது எப்படி என்று சோனி ஒரு குறும்படமும் போட்டது. சோனியின் ஷுஹேய் யோஷிடா டிஸ்க்கை எடுத்து நீட்டுகிறார், எதிரில் நிற்பவர் வாங்கிக்கொள்கிறார், படம் முடிந்தது. ஒன்பதே நாளில், ஜூன் 19 அன்று, மைக்ரோசாஃப்ட் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கியது.

சோனியாரே, அன்று அந்தக் கைதட்டலை வாங்கியவர்கள் நீங்கள். 2024 நவம்பரில் 700 டாலர் விலையில் நீங்கள் விட்ட பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) புரோவில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் குறும்படத்தை இன்று அந்தக் கன்சோலை வைத்து எடுக்க முடியுமா?

பழைய டிஸ்க் வியாபாரம் என்றதும், உங்கள் கணக்குப் புத்தகத்தில் அது வராத வருமானம் என்று மட்டும்தான் தெரிகிறது போலிருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்து ஒன்றில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கல்லூரிப் பையன் ஒருவன் பையிலிருந்து பெட்டியை எடுத்து வைப்பான். "அண்ணே, இதுக்கு எவ்ளோ போடுவீங்க?" கடைக்காரர் பதில் சொல்ல மாட்டார். டிஸ்க்கை விளிம்பில் பிடித்து, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். தலைமுடி போன்ற கீறல் பரவாயில்லை. வட்டமாக ஓடும் கீறல் இருந்தால்தான் முகம் மாறும். பிறகு கன்சோலில் போட்டு, மெனு வரும்வரை நிற்பார். "கவர் மடங்கியிருக்கு தம்பி, எக்ஸ்சேஞ்ச்னா கொஞ்சம் சேர்த்துப் போடறேன், கேஷ்னா இவ்ளோதான்." பையன் அலமாரியைப் பார்ப்பான். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எக்ஸ்சேஞ்ச்தான் கேட்பார்கள் என்று கடைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவன் கையில் கிடைத்த பணம் மறுபடி இன்னொரு கேமுக்குத்தான் போகிறது. அவன் விற்றுவிட்டுப் போன டிஸ்க்கை, பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அப்பா அரை விலைக்கு வாங்கிப் போகிறார்.

பிஎஸ்5-க்கு நீங்களே வெளியிட்ட பெரிய கேம்கள் இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு வந்தன. மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் வெளியான அன்றே வாங்க ஆள் இருக்கிறார்கள் என்றால், ஆடிவிட்டு விற்றால் பாதியாவது திரும்பி வரும் என்ற தைரியம்தான் காரணம். அந்த 4,999-இல் ஒரு பங்கைப் பழைய டிஸ்க் வாங்கப்போகும் அடுத்தவர்தான் கட்டுகிறார், உங்களுக்காக. அவர் இல்லையென்றால் முதலாமவரும் யோசிப்பார்.

இன்னொன்றும் உண்டு. பிஎஸ்2 காலத்தில் இந்த ஊரில் ஒரிஜினல் டிஸ்க்கைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. கள்ளப் பிரதி ஓடுவதற்காகச் சிப் போட்ட கன்சோல், பிளாஸ்டிக் உறையில் கள்ள டிஸ்க், அவ்வளவுதான். அப்படிப் பழகிய ஒரு தலைமுறை ஒரிஜினலுக்கு மாறியதில் செகண்ட் ஹேண்ட் டிஸ்க்குக்குப் பெரிய பங்கு இருந்தது. ஏனென்றால் எங்கள் சம்பளத்துக்கு எட்டிய முதல் ஒரிஜினல் அதுதான். நேர்மையாக வாங்க நினைப்பவனுக்கு இருந்த முதல் படிக்கட்டை நீங்கள் உடைக்கிறீர்கள்.

உங்கள் பக்க வாதத்தையும் எடுத்துக்கொள்கிறேன், அது வெறும் பேராசை என்று நான் நினைக்கவில்லை. பழைய டிஸ்க் எத்தனை கை மாறினாலும் அதை உருவாக்கிய கலைஞர்களுக்கும் நிரலாளர்களுக்கும் ஒரு பைசா போவதில்லை. அமெரிக்காவின் கேம்ஸ்டாப் மாதிரியான பெரிய சங்கிலிக் கடைகள் புது கேமைவிடப் பழைய கேமில்தான் அதிக லாபம் பார்த்தன. வெளியான வாரத்திலேயே, ஐந்து டாலர் குறைத்துப் பழையதை வாங்கிக்கொள்ளச் சொல்லும் கடையைப் பார்த்தால் எந்தத் தயாரிப்பாளருக்கும் வயிறு எரியும். இரவு பகலாக ஐந்து வருடம் ஒரு கேமைச் செய்த குழு, அது நன்றாக விற்றும் கலைக்கப்படுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அவர்களுக்குப் பணம் போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் மறுவிற்பனையை ஒழித்தால் பணம் வருமா? இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மசாகாசு இஷிஹாராவும் ஆண்ட்ரூ சிங்கும் ஜப்பானிய கேம் சந்தையின் விற்பனைத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். பழைய கேம் சந்தையை ஒழித்துவிட்டு, புது கேமின் விலையை அப்படியே வைத்தால், ஒரு கேமின் லாபம் சராசரியாகப் பத்து சதவீதம் குறையும். விலையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தால்தான் லாபம் கூடும், சுமார் 19 சதவீதம். அதாவது, திருப்பி விற்க முடியாத பொருளுக்குத் திருப்பி விற்கக்கூடிய பொருளின் விலையைக் கேட்டால் ஜனங்கள் வாங்க மாட்டார்கள்.

நீங்கள் விலையைக் குறைத்தீர்களா? 60 டாலர் 2020-இல் 70 ஆனது. 2025-இல் நின்டெண்டோ மரியோ கார்ட் வேர்ல்டை 80 டாலருக்கு வைத்தது. டிஸ்க் இல்லை, பெட்டி இல்லை, லாரி வாடகை இல்லை, கடைக்காரர் கமிஷன் இல்லை. இருந்தும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் டிஜிட்டல் பிரதி பெரும்பாலும் டிஸ்க்கின் விலையில்தான் வருகிறது. விதிவிலக்கும் இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். 2023 அக்டோபரில் ஆலன் வேக் 2 டிஜிட்டலாக மட்டும் வந்தபோது, மற்றவர்கள் 70 டாலர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கன்சோலில் 60-க்குக் கொடுத்தார்கள். பிறகு ரசிகர்கள் கேட்டதால் ஒரு வருடம் கழித்து டிஸ்க்கும் வந்தது. அப்படிப் பேரம் நேர்மையாக இருந்தால் யாரும் கோபப்பட மாட்டோம்.

அடிக்கடி தள்ளுபடி போடுகிறோமே என்பீர்கள். போடுகிறீர்கள், உங்களுக்குத் தோன்றும்போது. டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோல் வைத்திருப்பவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கடைதான், அது உங்கள் கடை. 2019-இல் வெளிக்கடைகள் முழு கேமை இறக்கிக்கொள்ளும் டிஜிட்டல் குறியீடு விற்பதைக்கூட சோனி நிறுத்தியது. அலமாரியில் தூசி படிந்த டிஸ்க்கின் விலையைக் கடைக்காரர் தானாகக் குறைப்பார். உங்கள் கடையில் ஐந்து வருடம் கழித்தும் முழு விலையில் நிற்கும் கேம்கள் இருக்கின்றன.

டிஜிட்டலில் மறுவிற்பனை என்பதே பொருந்தாத பேச்சு என்று உங்கள் வக்கீல்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல், நிரந்தர உரிமம் விற்ற மென்பொருளை, பதிவிறக்கியதாகவே இருந்தாலும், தன் பிரதியை அழித்துவிட்டு மறுவிற்பனை செய்யலாம் என்றது. அதை வைத்து பிரெஞ்சு நுகர்வோர் சங்கமான யுஎஃப்சி கே ஷுவாசிர், இணையத்தில் கணினி கேம் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு 2019-இல் பாரிஸில் வென்றது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2024-இல் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு மன்றமும் வால்வ் பக்கமே நின்றது. கேம் வெறும் நிரல் மட்டுமில்லை, அதில் படமும் இசையும் கதையும் இருக்கின்றன, ஆகவே மென்பொருளுக்கான விதி இதற்குப் பொருந்தாது என்பது அவர்கள் முடிவு. ஜப்பானில் கேமின் கலைத்தன்மையை ஏற்றுக்கொண்டும் வாங்கியவனைக் காப்பாற்றினார்கள். பாரிஸில் அதே கலைத்தன்மையைக் காட்டி வாங்கியவனை வெளியே நிறுத்தினார்கள். இந்த வழக்கில் நீங்கள் வென்றீர்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். வென்றது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தொழில்நுட்பத்தில் முடியாது என்ற பேச்சு இனி எடுபடாது. நின்டெண்டோ 2025 ஏப்ரலில் விர்ச்சுவல் கேம் கார்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. டிஜிட்டலாக வாங்கிய கேமைக் குடும்பக் குழுவில் உள்ள இன்னொருவருக்கு இரண்டு வாரம் இரவல் கொடுக்கலாம். அந்த இரண்டு வாரமும் கொடுத்தவரால் ஆட முடியாது, நாள் முடிந்ததும் தானாகத் திரும்பிவரும். ஒரே பிரதி, ஒரே நேரத்தில் ஒரே கை. டிஸ்க்குக்கு இயற்கை விதித்த விதியை நீங்கள் நிரலில் எழுதிக் காட்டிவிட்டீர்கள். குடும்பத்துக்குள் இரண்டு வாரம் போகத் தெரிந்த கேமுக்கு, ஊருக்குள் நிரந்தரமாகப் போகத் தெரியாதா?

அதே நின்டெண்டோ தன் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு விற்கும் கேம் கீ கார்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்டை விற்கலாம், இரவல் கொடுக்கலாம். அது எந்தக் கணக்கோடும் கட்டப்படவில்லை. அந்த அளவுக்கு நன்றி. ஆனால் கார்டுக்குள் கேம் இல்லை, அதைத் திறக்கும் சாவி மட்டும்தான். கேமை உங்கள் சர்வரிலிருந்துதான் இறக்க வேண்டும். 3டிஎஸ், வீ யு என்ற பழைய கன்சோல்களின் இணையக் கடைகளை 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடையை 2024 ஜூலையிலும் மூடியவர்கள் நீங்கள். ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறீர்கள் என்றாலும், எத்தனை காலத்துக்கு என்று எங்கேயும் எழுதித் தரவில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கண்டறிந்தது. அவற்றை இன்று ஒருவர் முறைப்படி வாங்கி ஆட வேண்டுமென்றால், யாரோ பரணில் போட்டுவைத்த பழைய பிரதி கைமாறி வந்தால்தான் உண்டு. உங்கள் சொந்த வரலாறே செகண்ட் ஹேண்ட் கடைகளின் தயவில்தான் பிழைத்துக் கிடக்கிறது.

கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விற்பது உரிமம்தான், பொருள் இல்லை என்றால், அதை வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். அதுவரை நீங்களாக அதை வெளிச்சத்தில் சொல்லவில்லை என்பதால்தான் சட்டம் தேவைப்பட்டது. எங்கள் ஊரிலும் அதே தெளிவோடு, தமிழிலும் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தலைமுறைக் கன்சோலில் டிஸ்க் டிரைவ் இருக்கட்டும். கூடுதல் விலையில் தனியாக விற்றாலும் பரவாயில்லை, அந்த டிரைவ் கடையில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கட்டும். டிஸ்க் என்று விற்றால் அதற்குள் கேம் இருக்கட்டும். 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி பிஎஸ்5 டிஸ்க்கில் 70 எம்பி அளவுக்குத்தான் இருந்தது, மிச்சமெல்லாம் இணையத்தில். எங்கள் ஊர் டேட்டா பிளானில் அதை இறக்குபவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

டிஜிட்டலுக்கு வேறு வழி உண்டு. வாங்கியவர் தன் உரிமத்தை உங்கள் கடை வழியாகவே இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கட்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பாதியையாவது கேமைச் செய்த குழுவுக்குக் கொடுங்கள். டிஸ்க் காலத்தில் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காத வருமானம் அது. பழைய கேம் விற்றால் படைத்தவனுக்கு ஒன்றும் போகவில்லையே என்று இத்தனை வருடம் சொன்னீர்கள். அதைத் தீர்க்கும் சாவி இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. வெளியான முதல் சில மாதங்களுக்கு மாற்ற முடியாது என்று வைத்தால்கூட நான் எதிர்க்க மாட்டேன், புது விற்பனைக்கு அந்த நாட்கள்தான் உயிர் என்பது எனக்குத் தெரியும். இது எதுவும் முடியாது என்றால், விலையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

எல்லா கேமிலும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. வெளியாகி ஒரு வருடமான, விற்பனை அடங்கிப்போன ஒரே ஒரு கேமை எடுத்து, ஒரே ஒரு நாட்டில் முயன்று பாருங்கள். இந்தியாவாகவே இருக்கட்டும். எத்தனை பேர் மாற்றினார்கள், அந்தப் பணத்தில் அவர்கள் உங்கள் கடையில் என்ன வாங்கினார்கள், குழுவுக்கு எவ்வளவு போனது என்று கணக்கை வெளியிடுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்